நெல்லையிலிருந்து லடாக் வரை நாய்களோடு காரில்: புறப்படும் முன் செய்ய வேண்டியவை

திருநெல்வேலியை ஒட்டிப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில்தான் முடிகிறது. அங்கிருந்து இன்னும் 420 கி.மீ. மலைப்பாதையில் ஏறினால் லே. ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 4,000 கி.மீ. ஆட்கள் மட்டும் போவதற்கு வழி சொல்ல ஆயிரம் பேர் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை என்று நம் பக்கத்து நாய்களை ஏற்றிக்கொண்டு போக நினைத்தால், மருத்துவர் ஒன்று சொல்வார், லாட்ஜ்காரர் வேறொன்று சொல்வார், சோதனைச் சாவடியில் மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதியிருக்கிறோம்.

1. உங்கள் நாய் வரலாமா என்று முதலில் பாருங்கள்

ஒரு வயது நிறையாத குட்டி, எட்டு வயதைத் தாண்டியது, சினையாக இருப்பது, இருதயக் கோளாறு உள்ளது, பக் மாதிரி மூக்கு சப்பையான இனம் ஆகியவற்றை வீட்டில் விட்டுவிடுங்கள். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே போகும் கணவாய்கள் 5,000 மீட்டரையும் தாண்டும். மூச்சுக்குச் சிரமப்படும் நாய்க்கு அங்கே மருந்தே கிடையாது.

வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் அதற்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினால் திரும்ப வேண்டும். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. வீட்டு வளவுக்குள் அது தெரியாமலே போய்விடும். மலையில் கூப்பிட்டுத் திரும்பாதபோதுதான் தெரியும்.

ஒத்திகை இல்லாமல் போகாதீர்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். இ-பாஸ் எடுத்துக்கொண்டு இரண்டு இரவு தங்கி வாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறதா, குளிரில் நடுங்குகிறதா, புது இடத்தில் தூங்குகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பக்கத்தில் இருக்கிறதே என்று மாஞ்சோலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

2. ஆவணி நடுவில் புறப்படுங்கள்

பலரும் பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதம் கிளம்புகிறார்கள். ஆட்களுக்குச் சரி, நாய்க்கு ஆகாது. இந்தப் பயணத்தில் நாய்க்கு முதல் ஆபத்து குளிரல்ல, வழியில் இருக்கும் வெக்கை. ஆதிலாபாத், நாக்பூர், ஜான்சி வட்டாரத்தில் மே மாதம் 45 பாகையைத் தொடும். ஏசி பழுதானால் அரை மணி நேரத்தில் நாயை இழந்துவிடலாம்.

ஜூலை, ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரை நடப்பதால் ஜம்மு முதல் சோனமர்க் வரை வண்டிகளை நேரம் வைத்துத்தான் விடுவார்கள். மழையில் ராம்பன் பக்கம் மண்சரிவும் அதிகம். செப்டம்பர் முதல் வாரம் புறப்பட்டால் சமவெளி வெக்கை குறைந்திருக்கும், லடாக் பாதை திறந்திருக்கும், ஐப்பசி அடைமழைக்கு முன் வீடு திரும்பிவிடலாம். மொத்தம் 30 நாள் ஒதுக்குங்கள். 20 நாள்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் லடாக்கை விட்டுவிட்டு ஸ்ரீநகரோடு திரும்புங்கள். நாட்களைக் குறைக்கும்போது எல்லோரும் ஓய்வு நாளில்தான் கைவைப்பார்கள்; நாய்க்குத் தேவைப்படுவதே அந்த நாள்தான்.

3. மருத்துவரிடம் இரண்டு முறை போங்கள்

முதல் முறை, புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தட்டணுக்கள் எண்ணிக்கையும் எர்லிக்கியா எனப்படும் உண்ணிக் காய்ச்சல் சோதனையும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். நம் ஊர் நாய்கள் பல, வெளியே ஒன்றும் காட்டாமல் அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். நீண்ட பயணத்தில் உடல் தளரும்போது அது கிளம்பும். காய்ச்சல், மூக்கில் ரத்தம், சோறு எடுக்காமை என்று நடுவழியில் படுத்துவிடும். சிகிச்சை சில வாரங்கள் பிடிக்கும் என்பதால்தான் இரண்டு மாதம் முன்பே போகச் சொல்கிறோம்.

அதே வருகையில் வெறிநோய் ஊசியும், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் அடங்கிய கூட்டு ஊசியும் தேதி தாண்டாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிதாகப் போட்டால் வேலை செய்ய மூன்று வாரம் வேண்டும். உண்ணி மாத்திரையில் மாதம் ஒன்று கொடுப்பதும் உண்டு, 12 வாரம் தாங்குவதும் உண்டு. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் முறை, புறப்படும் வாரத்தில். குடற்புழு மருந்து, உடல் தகுதிச் சான்று, வழிக்கான மருந்துகள். பயண வாந்திக்கு மேரோபிட்டன்ட் மாத்திரை நல்லது. “மயங்கிக் கிடக்கட்டும், ஏதாவது கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். அசெப்ரோமசின் போன்ற மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் தன் சூட்டைச் சமாளிப்பதைக் கெடுக்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களுக்கு மயக்க மருந்து இறங்கவும் நேரமாகும்.

மருந்துப் பெட்டியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், போவிடோன் அயோடின், பஞ்சு, கட்டுத்துணி, உண்ணி எடுக்கும் கொக்கி, வெப்பமானி ஆகியவை இருக்கட்டும். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 பாகை. நாம் போடும் ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், பாரசிட்டமாலும் கொடுக்காதீர்கள்.

புறப்படும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. நாய் அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணி, மூன்று நாள் குறித்துவையுங்கள். மேலே போனதும் அந்த எண்தான் உங்களுக்கு அளவுகோல்.

4. காகிதங்கள்

நாய்க்கு: தடுப்பூசி அட்டை (மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் முத்திரையும் இருக்க வேண்டும்), தகுதிச் சான்று. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில், நாயைச் சாலை வழியே கொண்டுபோனாலும் மருத்துவர் சான்று உடனிருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு நாய்க்கு ஒரு சான்றாக, ஆங்கிலத்தில், மருத்துவரின் பதிவு எண்ணோடு வாங்குங்கள். தமிழில் எழுதிய சான்று கிருஷ்ணகிரி தாண்டினால் பயன்படாது. லே போய்ச் சேரும்போது அது இரண்டு வாரப் பழசாகியிருக்கும். டெல்லியிலோ ஜம்முவிலோ ஓய்வு நாளில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு: ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம். டிஜிலாக்கரை மட்டும் நம்பாதீர்கள். பல இடங்களில் சிக்னலே இருக்காது. எல்லாவற்றிலும் இரண்டு நகல் காகிதமாக இருக்கட்டும். வண்டி மச்சான் பேரிலோ நண்பர் பேரிலோ இருந்தால் அவர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் வேண்டும். வெளியூர் வாடகைக் கார் என்று சந்தேகப்பட்டால் லடாக்கில் உள்ளூர் டாக்சிக்காரர்கள் நிறுத்திக் கேட்பார்கள்.

பாங்காங், நூப்ரா, ஹான்லே பக்கம் போக லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிந்து கட்டணம் கட்டி, ரசீதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். மணாலி வழியில் அடல் சுரங்கப்பாதையில் போனால் அனுமதிச் சீட்டு தேவையில்லை; ரோதாங் கணவாய் மேல் ஏறினால்தான் வேண்டும்.

இனி, பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. பிற மாநில பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் மட்டும்தான். நாயின் கழுத்து வில்லையில் பொறித்திருக்கும் எண் பிரீபெய்ட் என்றால், நாய் தொலைந்த அன்று யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காது. ஒரு எண்ணை முன்கூட்டியே போஸ்ட்பெய்டுக்கு மாற்றி, அதையே வில்லையில் பொறியுங்கள்.

இன்னொன்று வனத்துறைச் சாவடிகள். சிப்பிப்பாறையைப் பார்த்தவுடன் வேட்டைக்கு வந்தவர்களோ என்ற ஐயம் வரும். “வேட்டை நாய்” என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். “பால்தூ குத்தா”, வளர்ப்பு நாய், என்று சொல்லிச் சான்றைக் காட்டுங்கள். வண்டியில் ஏர்கன், சுருக்குக் கம்பி, நெற்றியில் கட்டும் பெரிய வேட்டை லைட் எதுவும் இருக்கக் கூடாது.

5. வண்டியைத் தயார் செய்வது

பின் இருக்கையை மடக்கி, 12 மி.மீ. ப்ளைவுட் பலகையைத் தட்டையாகப் போட்டு, மேலே ரப்பர் விரிப்பும் இரண்டு அங்குல ஃபோமும் போடுங்கள். பத்தமடைப் பாய் நம் ஊர் வெக்கைக்குத்தான் சுகம். குளிரில் தரையின் சில்லிப்பைத் தடுக்காது. கூண்டு வைப்பதென்றால் நாய் நிமிர்ந்து நிற்கவும், ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்கவும் இடம் வேண்டும். கூண்டை வார் போட்டு வண்டியோடு கட்டுங்கள். கூண்டு இல்லையென்றால் மார்புப் பட்டை போட்டு, சீட் பெல்ட்டோடு மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து முறியும்.

கழுத்துப் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வேட்டை இனங்களுக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம். சாதாரணப் பட்டையைப் பின்னோக்கி இழுத்து ஒரு நொடியில் உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் இறுகி, ஓர் அளவோடு நிற்கும் மார்டிங்கேல் வகை அகலப் பட்டை வாங்குங்கள். அதோடு மார்புப் பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டுங்கள்.

எஞ்சினில் கூலன்ட்டைப் பாருங்கள். நம் ஊரில் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். மலையில் இரவில் அது உறைந்து ரேடியேட்டர் வெடிக்கும். முழுவதையும் வடித்துவிட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக நிரப்புங்கள். வடித்ததை உடனே அப்புறப்படுத்துங்கள்: அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கும், சிறுநீரகம் போய்விடும். வழியில் ஒழுகினாலும் நாயை இறக்கும் முன் தரையைப் பாருங்கள்.

டீசல் கேனை உள்ளே வைக்காதீர்கள். மேல் கேரியரில் கட்டுங்கள். வாடை நாய்க்குக் குமட்டலைத் தரும். பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், நல்ல ஸ்டெப்னி கட்டாயம்.

6. சாப்பாடும் தண்ணீரும்

வீட்டில் சோறும் கறியும் கம்பங்கூழும் சாப்பிட்டுப் பழகிய நாய்க்கு வழியெல்லாம் சமைக்க முடியாது. புறப்பட இரண்டு வாரம் முன்பிருந்து உலர் தீவனத்துக்குப் படிப்படியாக மாற்றுங்கள். முதல் நான்கு நாள் கால் பங்கு, அடுத்த நான்கு நாள் பாதி, அப்புறம் முக்கால் என்று. ஒரே நாளில் மாற்றினால் மதுரை தாண்டும் முன் வயிற்றுப்போக்கு. 22 கிலோ நாய்க்கு நாளுக்கு 350 முதல் 400 கிராம். குளிர்ப் பகுதியில் கால் பங்கு கூட்டுங்கள். இரண்டு நாய்க்கு 30 நாளைக்கு 25 முதல் 28 கிலோ ஆகும். முழுவதையும் இங்கிருந்தே ஏற்ற இடமில்லையென்றால் பாதியை டெல்லியில் வாங்கலாம், அதே பிராண்டாக. லேயில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சமைத்தே தீர வேண்டும் என்பவர்கள் குக்கர் எடுத்துப் போங்கள். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி வேகாது.

பெரிய வேளையை மாலையில், வண்டி நின்று ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். காலையில் ஒரு கைப்பிடி போதும். நம் இனங்களுக்கு நெஞ்சுக்கூடு ஆழம். நிறையத் தின்றுவிட்டு ஓடினாலோ குலுங்கினாலோ இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து அதிகம். வயிறு உப்பலாக, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் அது அதுதான். ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் அருகில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீர் கிலோ எடைக்கு 60 மி.லி.; மலையின் வறண்ட காற்றில் ஒன்றரை மடங்கு. 20 லிட்டர் கேன் எப்போதும் நிரம்பியிருக்கட்டும்.

7. டெல்லி வரை ஆறு நாள்

தோராயமான தங்கல்கள்: கிருஷ்ணகிரி, கர்னூல், ஆதிலாபாத், சிவனி, ஜான்சி, டெல்லி. நாளுக்கு ஏறத்தாழ 450 கி.மீ., சிவனி நாள் மட்டும் குறைவு. அதிகாலை நான்கரைக்குக் கிளம்பி, பகல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பெங்களூரை விடியும்போது கடந்தால் மூன்று மணி நேரம் மிச்சம்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். டோல்கேட், தாபா, பெட்ரோல் பங்க் வேண்டாம். எல்லா இடத்திலும் தெருநாய்க் கூட்டம் காத்திருக்கும். ஒரு கி.மீ. உள்ளே போகும் கிராமச் சாலை நல்லது. கதவைத் திறக்கும் முன் கயிறு கையில் இருக்க வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நாக்பூரைத் தாண்டியதும் பெஞ்ச் காட்டுப் பகுதியில் சாலை மேம்பாலமாகப் போகும், கீழே விலங்குகள் கடக்கும். அங்கே நிறுத்தவே வேண்டாம்.

வண்டியை நிறுத்தி, கண்ணாடி ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே பத்துப் பாகை ஏறும். மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு செக்கச் சிவந்து, சூடு 40.5-ஐத் தாண்டினால் முதலில் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காற்று படச் செய்யுங்கள். மருத்துவரைத் தேடுவது அடுத்தது.

அறை பிடிப்பதில் ஆப்பில் போட்டிருக்கும் “பெட் ஃபிரெண்ட்லி”யை நம்பாதீர்கள். பல இடங்களில் அது ஒரு சின்ன நாயைத்தான் குறிக்கும். போனில் கேளுங்கள்: “ஹமாரே சாத் தோ படே குத்தே ஹைன், ரூம் மிலேகா?” (எங்களோடு இரண்டு பெரிய நாய்கள், அறை கிடைக்குமா?). வாட்ஸ்அப்பில் நாயின் படத்தை அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொந்தப் போர்வை விரித்தால் அடுத்த நாள் தகராறு வராது.

டெல்லிக்கு வெளியே ஒரு முழு நாள் ஓய்வு.

8. மலை ஏறுவது: ஸ்ரீநகர் வழியே போய், மணாலி வழியே இறங்குங்கள்

எங்கள் உறுதியான கருத்து இது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர். அங்கே இரண்டு இரவு. அடுத்து ஜோஜி லா (லா என்றால் கணவாய்) 3,528 மீட்டர் தாண்டிக் கார்கிலில் 2,676 மீட்டரில் தூக்கம். மறுநாள் ஃபோட்டு லா 4,108 மீட்டர் ஏறி இறங்கி லே. உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி வழியே ஏறினால் இரண்டாம் இரவே சர்ச்சுவில் 4,290 மீட்டரில் படுக்க நேரிடும். ஆளுக்கும் நாய்க்கும் அதுதான் மிகக் கெட்ட இரவு. இறங்கும்போது ஒரே நாளில் லேயிலிருந்து ஜிஸ்பா வரை வந்துவிடுங்கள். இருட்டில் புறப்பட வேண்டியிருக்கும்.

லேயில் முதல் இரண்டு நாள் நாயை ஓடவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு எண்ணுங்கள். சற்றுக் கூடுவது இயல்பு. வீட்டில் குறித்த எண்ணைப்போல இரண்டு மடங்காகி, சோறும் எடுக்காமல், இருமல், தள்ளாட்டம், ஈறு நீலம் பாய்வது என்று தெரிந்தால் ஒரே மருந்து கீழே இறங்குவது. இரவாக இருந்தாலும் இறங்குங்கள். டப்பா ஆக்சிஜன் சில நிமிடம்தான் வரும். மலை உயரத்துக்காக நீங்கள் போடும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள். லேயிலும் கார்கிலிலும் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் உண்டு. அதற்கப்பால் உங்கள் பெட்டியில் இருப்பதுதான்.

குளிருக்கு ஒவ்வொரு நாய்க்கும் வயிற்றையும் மூடும் மேலங்கி இரண்டு வேண்டும், ஒன்று நனைந்தால் மாற்ற. நம் நாய்களுக்கு முடியும் குட்டை, கொழுப்பும் இல்லை. கூடாரத்தில் தங்கினால் உங்கள் போர்வைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் தனியாக விடாதீர்கள். ராஜபாளையத்தின் ரோஸ் மூக்கு அங்குள்ள வெயிலில் வெந்துபோகும். ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனை நாய் நக்கினால் விஷம். நாய்க்கென்று விற்பதை ஊரிலேயே வாங்கிவையுங்கள். பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் போதும், இரவு மட்டும்.

மணாலி வழியில் டீசல் முக்கியம். லேயை அடுத்த காரு என்ற ஊரில் நிரப்பினால் அடுத்தது தாண்டி என்ற ஊரில்தான் என்று கணக்கு வையுங்கள், 330 கி.மீ.க்கு மேல். மண்டி–மணாலி சாலை 2023, 2025 மழைகளில் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. லேயிலிருந்து கிளம்பும் முன் விசாரித்து, சந்தேகம் இருந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

9. லடாக்கில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்

பரந்த வெளியைப் பார்த்ததும் ஒரு ஓட்டம் விடலாம் என்று கை துடிக்கும். வேண்டாம். சோ கார், ஹான்லே, சோ மோரிரி ஈரநிலங்களில் கருங்கழுத்துக் கொக்குகள் தரையில் கூடு கட்டுகின்றன. அவற்றின் முட்டைக்கும் குஞ்சுக்கும் நாய்களே பெரிய எதிரி. மர்மோட் என்ற பெரிய மலை அணிலின் வளைகள் சாலையோரமே இருக்கும். அது ஓடினால் சிப்பிப்பாறை நிற்காது. சாங்பா மேய்ப்பர்களின் பஷ்மினா ஆடுகள் அவர்களுடைய முழு வாழ்வாதாரம். நம் ஊர்க் கீதாரியின் கிடைக்குள் வெளியூர் நாய் புகுந்தால் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடக்கும், நடக்கவும் வேண்டும்.

ராணுவ முகாம்களைச் சுற்றியும் ஊர் ஓரங்களிலும் தெருநாய்கள் கூட்டமாகத் திரியும், உருவமும் பெரிது. அந்தி சாய்ந்தபின் நாயோடு நடக்காதீர்கள். இரண்டு பேர், இரண்டு கம்பு, எப்போதும். கடிபட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உங்களுக்கு ஊசிக்குப் போங்கள். உங்கள் நாய்க்கும் மருத்துவர் மறு ஊசி போடுவார். முடிந்தால் நீங்களும் புறப்படும் முன்பே வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

10. செலவு

இரண்டு பேர், இரண்டு நாய், டீசல் வண்டி, உள்ளூர்ச் சுற்றலும் சேர்த்து 8,800 கி.மீ. என்று வைப்போம். லிட்டருக்கு 12 கி.மீ., விலை 93 ரூபாய் என்றால் டீசல் 68,000 ரூபாய். சொந்தக் காருக்கு ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு, 2025-இல் அறிமுகமானபோது 3,000 ரூபாய், 200 கடப்புகள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும், மாநிலச் சாலை டோல் தனி. அறை 29 இரவு, சராசரி 2,000 வீதம் 58,000. நாய்களின் ரத்தப் பரிசோதனை, ஊசி, மருந்து 12,000. பட்டை, மேலங்கி, பலகை, ஃபோம் 18,000. வண்டிப் பராமரிப்பு 12,000, டயர் தேய்ந்திருந்தால் கூடும். அவசரத்துக்கு 25,000, அதில் பாதி கையில் ரொக்கமாக. நம் சாப்பாடும் நாய்த் தீவனமும் தவிர இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்.

11. திரும்பி வந்தபின்

ஊர் சேர்ந்த அன்றே காது, கால்விரல் இடுக்கு, வால் அடி எல்லாம் விரலால் தடவி உண்ணி பாருங்கள். குளிரில் இருந்துவிட்டு வந்த நாய்க்கு நம் வெயில் ஒரு வாரம் கடினம். பகலில் வெளியே விடாதீர்கள், நடையைக் கருக்கலில் வைத்துக்கொள்ளுங்கள். தீவனத்திலிருந்து பழைய சாப்பாட்டுக்கு மாற்றும்போதும் அதே இரண்டு வாரக் கணக்குதான். மூன்றாம் வாரம் தட்டணுக்கள் எண்ணிக்கையை மறுபடி சோதித்து, புறப்படும் முன் எடுத்த அறிக்கையோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.